தரை இடுக்கில் பாதரசம்

தம்பி புதிதாக வாங்கிய, கார்புரேட்டரின் காற்றிழுப்பை அளக்கும் இரட்டை முள் மீட்டரைக் கூடத்தில் வைத்துப் பிரித்தான். அருகில் நின்ற அப்பாவின் பழைய பைக்கிலிருந்து வந்த பெட்ரோல் வாசனை என்னை எட்டு வயதுக்குத் தள்ளியது.

அந்த வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்காவிட்டால் உதறும். அதை ஒப்பிட்டுப் பார்க்க பிளாஸ்டிக் குழாயில் எண்ணெய் ஊற்றினாலே போதும். அறிவியல் வாத்தியாரான அப்பா அதற்கு ஒப்பவில்லை.

"எண்ணெய் ஆடும். பாதரசந்தான் அசையாம நிக்கும்."

பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு குப்பியில் கொண்டுவந்தார். வெளியே மழை என்பதால் கூடத்திலேயே வண்டியைக் கிளப்பினார். பாதரசம் ஊற்றிய குழாய் கழன்று தரையெங்கும் வெள்ளி மணிகள் ஓடின. அதன் ஆவி நரம்பைக் கெடுக்கும் விஷம் என்று தெரியாமல் நான் உள்ளங்கையில் உருட்டி விளையாடினேன். அப்பா போஸ்ட் கார்டால் கூட்டி அள்ளினார்.

"எல்லாத்தையும் அள்ளிட்டீகளா?" என்றாள் அம்மா.

"ஒரு பொட்டுகூட இல்ல."

அன்றே அந்த இடத்தில் பாய் விரித்து, கைக்குழந்தையான தம்பியைக் கிடத்தினாள். பல வருடம் அவன் படுத்ததும் புரண்டதும் அங்கேதான்.

இப்போது இன்ஜின் சூடாகட்டும் என்று தம்பி வண்டியைக் கிளப்பினான். அந்த அதிர்வில், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் இடுக்கில் கடுகளவு வெள்ளி மணி ஒன்று நடுங்கியது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"மீட்டர் குழாயை நீயே மாட்டிவிடுக்கா," என்றான். "என் கைதான் சின்ன வயசிலேருந்தே நடுங்குதே."