ஒரு சிட்டிகைத் துத்தநாகம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்ட சமயம், கள்ளக்குறிச்சியில் ஒரு பெண்ணின் பல் போனதற்கு நான் காரணம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா பல் மருத்துவர். சங்கராபுரம் சாலையில் காலையிலேயே மரம் விழுந்துவிட்டதால் அவருடைய உதவியாளர் வரவில்லை. ஏழாவது படித்த என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். நாற்காலியில் கல்வராயன் மலையிலிருந்து வந்த பெண். பல்லைப் பிடுங்க வேண்டாம், அடைத்துவிடுங்கள் என்று கெஞ்சியிருந்தாள். மலைப்பக்கச் சாலை மட்டும் இன்னும் திறந்திருந்தது. அதையும் மறிப்பதற்குள் பஸ் பிடிக்க வேண்டுமென்று வாசலையே பார்த்தாள்.

அடைக்கும் பொடியில் வெள்ளிதான் பெரும்பங்கு. அடுத்தது வெள்ளீயம், கொஞ்சம் செம்பு, ஒரு சிட்டிகை துத்தநாகம். பாதரசம் விட்டு அரைத்ததும் துணியில் சுற்றிப் பிசைய வேண்டும். கை படக் கூடாது. அப்பா இரண்டு முறை சொல்லியிருந்தார். துணி வழுக்கியது. தெருவில் கூச்சல் கேட்டது.

"சீக்கிரம் ஆவட்டும்டா, பஸ்ஸு பூடும்," என்றார் அப்பா.

அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வியர்த்த உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துக் கொடுத்துவிட்டேன்.

ஆறாம் நாள் அவள் வந்தாள். பஸ் கிடையாது. மலையிறங்கி, கிடந்த மரங்களையெல்லாம் தாண்டி நடந்தே வந்திருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. அப்பா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அடைப்பு குழியை விட்டு மேலெழும்பியிருந்தது. துணியில்தானே பிசைந்தாய் என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"கெட்டியா எதுவும் கடிக்காதன்னு சொன்னேனே. இன்னா கடிச்ச?"

"கூழுதாங்க குடிச்சிக்கினு இருந்தேன். ஒண்ணும் கடிக்கலீங்க."

"கடிச்சிருப்ப."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப என் தப்புதாங்க போல," என்றாள்.

பல்லைப் பிடுங்கினார். பிறகு தன் ஸ்கூட்டரிலேயே, முதல் மரம் கிடந்த இடம் வரை அவளைக் கொண்டுபோய் விட்டுவந்தார். அப்பாவின் நல்ல மனதை எண்ணிப் பெருமைப்பட்டேன். என் பொய்யை அவர் நம்பிவிட்டார் என்பதில் நிம்மதியும் இருந்தது.

பின்னாளில் நானும் அதே படிப்பைப் படித்தேன். பிசையும்போது ஈரம் பட்டால் துத்தநாகம் வாயுவைக் கிளப்பும். நாலைந்து நாளில் அடைப்பு உப்பி வலியெடுக்கும். கடித்தால் அது உடையும், உப்பாது. முதல் வருடப் பாடம். அப்பாவும் படித்துத் தேறிய பாடம்.

அடைப்பைப் பார்த்த உடனே அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் அவளைக் கேட்டிருக்கிறார்.