பிரவுன் பெல்ட்டை அவிழ்க்க மாட்டேன்!

இதுவரை கற்றதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வா என்று ஒருவர் சொன்னால், மரியாதைக்காகக் கழற்றிவிட வேண்டுமா?

பசுமலையிலிருந்து திருநகருக்கு வீடு மாறினோம். என் தங்கை கயல்விழி கல்லூரி மாணவி. கோஜு ரியூ என்ற கராத்தே முறையில் பிரவுன் பெல்ட் பெற்றவள். அடுத்தது பிளாக் பெல்ட். பழைய வகுப்பு மூடப்பட்டுவிட்டது. புது வீட்டருகே இருந்த ஒரே வகுப்போ ஷோட்டோகான் முறை!

"ஸ்டைல் மாறி வந்தா வெள்ளை பெல்ட்டுலருந்துதாம்மா. அதுதான் வழக்கம்" என்றார் மாஸ்டர்.

"அப்ப இம்புட்டு வருஷம் நான் ஆடுனது கோலாட்டமா மாஸ்டர்?"

"ஏய், சும்மா இருடி" என்று தடுத்தேன். மறுத்தால் வகுப்பு இல்லை. இணங்கினால் பிளாக் பெல்ட் பல ஆண்டுகள் தள்ளிப்போகும்.

"நீ யோசிச்சுக்கிட்டே இரு அக்கா" என்றாள்.

மாஸ்டர் அவள் நிற்பதைப் பார்த்தார். "கோழி மாதிரி ஒடுக்கி நிக்கிற. பலம் எங்கிட்டுருந்து வரும்?"

"ஆளை அனுப்புங்க, பார்ப்போம்."

மூத்த மாணவர் சரவணன் வந்தார். ஷோட்டோகானில் கால்களை அகட்டித் தாழ்ந்து நிற்பார்கள். தொலைவிலிருந்தே குத்து நேராகப் பாயும். பாய்ந்தது. கயல் அசைவதற்குள் அவள் நெஞ்சருகே வந்து நின்றது. மறுமுறையும் அப்படியே.

"இப்ப டவுன்பஸ்ல நிக்கிற மாதிரி நெருங்கி நில்லுங்கண்ணே."

நின்றார். அந்த நெருக்கம்தான் கோஜு ரியூவின் களம்: குறுகிய நிலை, வட்டமாகச் சுழலும் கை. அவர் காலை அகட்ட இடம் தேடுவதற்குள் மணிக்கட்டு பிடிபட்டது. அவளது முழங்கை அவர் விலாவைத் தொட்டு நின்றது.

"யாத்தே!" என்றார் சரவணன்.

"மாப்ள, மாட்டிக்கிட்டியாடா!" என்று பின்வரிசை ஆர்ப்பரித்தது.

"தள்ளி நின்னா தோத்துட்டேன் மாஸ்டர். அதைக் கத்துக்கத்தான் வந்திருக்கேன். ஆனா இதை அவிழ்க்க மாட்டேன்."

மாஸ்டர் உடனே இணங்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். வகுப்பு கைவிட்டுப் போயிற்று என்றே அந்த வாரம் முழுவதும் நினைத்தேன்.

ஒரு கராத்தே முறை தொலைவுக்கு விடை சொல்கிறது, மற்றொன்று நெருக்கத்துக்கு. ஷிட்டோ ரியூ என்ற முறை இரண்டையும் சேர்க்கிறது. வாடோ ரியூ அடி வரும் வழியிலிருந்து உடலை விலக்குகிறது. எந்த ஆபத்து நம் ஸ்டைலை விசாரித்துவிட்டு வருகிறது? ஆனாலும் புதிதாக வரும் மருமகளிடமும், மாற்றலாகி வரும் ஊழியரிடமும் நாம் முதலில் நீட்டுவது ஒரு வெள்ளை பெல்ட்டைத்தான்... அதற்குப் பணிவு என்று பெயரும் வைத்திருக்கிறோம்!

மறுவாரம் மாஸ்டரே அழைத்தார்.

இப்போது கயல் பிரவுன் பெல்ட்டோடு கடைசி வரிசையில் நின்று ஷோட்டோகானின் முதல் பாடம் பழகுகிறாள். பிளாக் பெல்ட் தேர்வு ஓராண்டு தள்ளிப்போயிற்று. சனிக்கிழமைகளில் நெருங்கி நிற்கும் பயிற்சியை அவளே நடத்துகிறாள்.