ஞாயிறு எட்டு மணி பூஜை

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்குச் சங்கு ஊதினார்கள்.

அவசரப்பட்டு இரங்கல் கடிதம் எழுத வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறேன். சங்கு ஊதியபோது பாத்ரூமில் உட்கார்ந்திருந்தேன் — கையில் ஒரு மெல்லிய ட்யூபோடு. ஊதியவர் மாடி வீட்டுத் தபன்தாவின் மனைவி. கொல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் பௌதி. அதாவது அண்ணி.

எதற்காக ஊதினார்? அதைச் சொல்ல வேண்டுமானால், ஆண்கள் வெளியே சொல்லாத ஒரு சங்கதியில் ஆரம்பிக்க வேண்டும். தமிழில் எழுதுவதால் தைரியமாகச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது.

இரண்டு வருஷம் முன்னால் கிட்னியில் கல். எடுத்தார்கள். சிறுநீர் போவதற்குச் சில நாள் ட்யூப் வைத்தார்கள். கல் போனது, ட்யூப் உரசிய இடத்தில் ஒரு வடு தங்கிவிட்டது. வடு சுருங்கும். சுருங்கினால் பாதை குறுகும். எவ்வளவு குறுகியது என்றால்... சால்ட் லேக் ஆபீஸ் பாத்ரூமில் பக்கத்தில் வந்து நிற்கிறவர் முடித்து, கை கழுவி, தலை வாரி, போனில் மனைவியோடு ஒரு சண்டையையும் முடித்துவிட்டுப் போவார். நான் இன்னும் முன்னுரையிலேயே இருப்பேன்.

டாக்டர் — நிதானமாகப் பேசுகிற பெங்காலி — உள்ளே கருவி விட்டு வடுவைக் கீறிவிட்டார். இரண்டு மாதம் நயாகரா. எட்டாவது மாதம் மறுபடி முன்னுரை. மறுபடி கீறினார். இந்த முறை உட்கார வைத்துச் சொன்னார்.

"மூணாவது தடவை வந்தா கீறிப் பிரயோஜனம் இல்லை. திறந்து ஆபரேஷன் பண்ணணும். கன்னத்துக்கு உள்பக்கத் தோலை எடுத்து அங்க வெச்சுத் தைப்போம்."

என் வாய் எங்கெங்கோ போய் வம்பு வாங்கியிருக்கிறது. அங்கே போனதில்லை.

"திரும்ப வராம இருக்க வழியே இல்லையா டாக்டர்?"

"கீறின இடத்துல மருந்து ஊசி போடறது உண்டு. மருந்து பூசின பலூனை உள்ள விட்டு விரிக்கறதும் உண்டு. இல்லன்னா, நீங்களே வீட்ல ட்யூப்ல ஸ்டீராய்டு ஆயின்மென்ட் தடவி உள்ள விட்டு எடுக்கலாம். உங்களுக்கு இதுல ஆரம்பிப்போம். எதுக்கும் கியாரன்டி கிடையாது. ஆனா விடாம செஞ்சா, திரும்ப வர்றது தள்ளிப்போகலாம்."

"நானேவா?"

"வழி உங்களோடது. நீங்கதான் திறந்து வெச்சுக்கணும்."

முதலில் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் ஒரு முறை. நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. மூச்சை மெல்ல விடு. இடித்தால் தள்ளாதே. முதல் நாள் எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதில் பெரும்பகுதி ட்யூபை முறைத்துப் பார்த்ததுதான். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் நேரே கடைக்குப் போய் ட்யூப் வாங்காதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

வாரம் ஒரு முறை என்று ஆனதும், ஞாயிறு காலை எட்டு மணி என்று வைத்துக்கொண்டேன். அங்கேதான் வினை. ஞாயிறு எட்டு மணிக்குத் தபன்தா பையோடு வந்து பெல் அடிப்பார், மார்க்கெட் போக. அவருக்கு மீன், எனக்குக் கத்திரிக்காய், இரண்டு பேருக்கும் ஊர் வம்பு.

"இனிமே ஞாயித்துக்கிழமை வர முடியாது தபன்தா."

"ஏன்?"

வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கொல்கத்தாவில் வயிறு தனிச் சொத்து இல்லை, பொதுச் சொத்து. வாயைத் திறந்தால் ஒன்பது மணிக்குள் மூன்று வீட்டிலிருந்து பப்பாளிக்காய்க் குழம்பு வரும். சாயந்திரம் விசாரணைக் கமிஷன் உட்காரும். அதனால், "பூஜை" என்று சொல்லிவிட்டேன்.

"எந்த சாமிக்கு?"

எதிரே காலண்டரில் பிள்ளையார் இருந்தார். "கணேஷ்."

"எதுக்காக?"

"தடை நீங்க."

அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியுமா? அடுத்த ஞாயிறு கதவுப் பிடியில் ஒரு பாலிதீன் பை தொங்கியது, உள்ளே செம்பருத்தி. அதற்கடுத்த வாரம் எட்டு மணிக்குக் கட்டடமே டிவி சத்தத்தைக் குறைத்தது. பிறகு மனுக்கள் வர ஆரம்பித்தன. கீழ் வீட்டு மாஷிமாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. தபன்தாவின் மகள் மாம்பிக்கு வேலை கிடைக்க வேண்டும்.

"பாவம் இல்லையா இது?" என்று என் மனைவி சுதாவிடம் கேட்டேன்.

"பாவந்தான். பூவை நான் நிஜமாவே பிள்ளையாருக்குப் போட்டுடறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தேன். நன்றாகப் போனது. நன்றாகப் போவதுதான் ஆபத்து. ஒரு கல்யாணத்துக்காக சாந்த்ராகாச்சியில் சென்னை ரயில் ஏறினேன். பெட்டியில் பட்டுவேட்டி இருந்தது, ட்யூப் இல்லை. இரண்டு ஞாயிறு போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்த ஞாயிறு மழை வேறு. பேப்பரை விரித்துக்கொண்டு படுத்திருந்தேன். இன்னும் ஒரு வாரம் தள்ளினால்தான் என்ன?

ஏழு ஐம்பதுக்கு பெல். தபன்தா.

"இன்னும் குளிக்கலையா?"

"இன்னிக்கு பூஜைக்கு லீவு விடலாம்னு..."

தபன்தா என் தலைக்கு மேலே எதையோ பார்த்தார். "நீங்க ஊர்ல இல்லாத ரெண்டு வாரத்துல மாம்பிக்கு ரெண்டு இன்டர்வியூ. ரெண்டும் போச்சு. நான் ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லாமல் இதைவிட அதிகமாகச் சொல்ல முடியாது. குளித்தேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

ட்யூப் பாதியில் நின்றது.

மூச்சை விட்டேன். காத்திருந்தேன். நகரவில்லை. இடித்தால் தள்ளாதே... தள்ளவில்லை. கன்னத்தின் உள்பக்கத்தை நாக்கால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் தன் கையாலேயே, இருப்பதில் மெல்லிய ட்யூபில் தொடங்கி, மெதுவாக வழி பண்ணினார். "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா கன்னந்தான்," என்றார். "நீங்க லீவு எடுக்கலாம். வடு எடுக்காது."

அன்றைக்கு முடிவு பண்ணினேன். இனி ஒரு ஞாயிறும் விடுவதில்லை. துர்கா பூஜைக்கு எங்கள் ஜன்னலிலேயே மைக் கட்டினார்கள் — விடவில்லை. மைத்துனர் குடும்பத்தோடு வந்து, இருக்கிற ஒரே பாத்ரூமுக்கு க்யூவில் நின்றார் — விடவில்லை. அடுத்த முறை ரயில் ஏறியபோது வேட்டியை மறந்தேன். ட்யூபை மறக்கவில்லை.

போன வாரத்துக்கு முந்தின வாரம் டெஸ்ட். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்து, முட்டும்போது போய் ஒரு மெஷினில் ஒண்ணுக்கு இருக்க வேண்டும். அது வேகத்தைக் கோடாக வரையும். பெஞ்சில் என்னோடு ஐந்து ஆண்கள், ஆளுக்கொரு பாட்டில். ஆயா அம்மாள் வராந்தாக் கோடியிலிருந்து குரல் கொடுக்கிறார். "தாதா, பேயேச்சே?" அண்ணா, வந்துடுச்சா என்று அர்த்தம். ஆறு பேரும் சீலிங்கைப் பார்த்தோம்.

எனக்கு வந்துவிட்டிருந்தது. போன தடவை என் கோடு மேஜை மாதிரி தட்டையாக இருந்தது. இந்த முறை ஒரு குன்று. சின்னதுதான். ஆனால் குன்று.

"குட்," என்றார் டாக்டர்.

"அப்ப நிறுத்திடலாமா?"

"நிறுத்தினா திரும்ப வரலாம். இன்னும் ஒரு வருஷம் செய்யுங்க. அப்புறம் பேசலாம்."

வீட்டுக்கு வந்தால் வாசலில் தபன்தா, சந்தேஷ் ஸ்வீட் டப்பாவோடு. மாம்பிக்கு செக்டர் ஃபைவில் வேலை கிடைத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப சிரமப்பட்டுட்டீங்க. போதும். ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுக்கு வந்துடுங்க."

"இல்ல தபன்தா. இன்னும் ஒரு வருஷம் பண்ணணும்."

"யாருக்கு, மாஷிமா முழங்காலுக்கா?"

"எனக்கு."

பிடித்த கையை அவர் விடவில்லை. "எங்க எல்லாருக்கும் வேண்டிக்கிட்டு, உங்க கஷ்டத்தை மட்டும் சொல்லாம இருந்திருக்கீங்களே." என்ன கஷ்டம் என்று கேட்கவில்லை. பத்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்; ஒருவர் அதைக் கேட்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

"விடாதீங்க," என்றார். "மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

அந்த 'மத்தது'தான் போன ஞாயிறு எட்டு மணிக்கு மாடியில் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நீளமாக ஊதினார் பௌதி. பெங்காலி வீடுகளில் நல்லது நடக்கச் சங்கு ஊதுவார்கள். நம் ஊரில் எப்போது ஊதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

பாத்ரூம் கதவுக்கு வெளியே சுதாவின் குரல். "சங்கு கேக்குதா?"

"கேக்குது."

"போச்சா?"

"எங்கயும் இடிக்காம போச்சு."

தனக்கு ஊதுகிற சங்கை உட்கார்ந்து கேட்பதற்கு எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது, சொல்லுங்கள்?