நூற்றுக்கு நூற்று நான்கு

சோப்புத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அவளை எல்லோரும் வக்கீலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டம் படித்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். ஆனால் நியாயம் தன் பக்கம் இருப்பதாகப் பட்டுவிட்டால் எதிரில் நிற்பது பஸ் கண்டக்டரா, வீட்டுக்காரரா, கேன்டீன் சமையல்காரரா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். ஒருமுறை சில்லறை பாக்கிக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கட்டி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய், காசை வாங்கிக்கொண்டு வெயிலில் நடந்தே திரும்பினாள். இப்படிப்பட்டவர்களைச் சுற்றியிருப்பவர்கள் பாதி நேரம் சிரிப்பார்கள். மீதி நேரம் தங்கள் வழக்கையும் கொண்டுவந்து அவர்கள் தலையில் கட்டுவார்கள். பேக்கிங் பெண்கள் நாற்பது பேரும் அதைத்தான் செய்தார்கள்.

பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்தவள். அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள், அப்பா இருந்தும் இல்லாத கணக்கு, கையில் ஒரு சின்னத் தம்பி. நடுவில் கல்யாணம் என்று ஒன்று நடந்தது. வந்தவர் இரண்டு வருஷம் இருந்தார், போனார். அதைப் பற்றி யாராவது வாயெடுத்தால், "அந்த கேஸ் எப்பவோ தள்ளுபடி" என்று முடித்துவிடுவாள். இப்போது தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை, இவள் என நான்கு பேர் இரண்டு அறையில் இருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அந்த ஜன்னலுக்கும் சேர்த்துத்தான் வாடகை.

வேலை இதுதான். பெல்ட்டில் சோப்பு வரும். ஆறு ஆறாகச் சின்ன டப்பாவில் அடுக்க வேண்டும். டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, பெட்டியைத் தூக்கிப் பின்னால் இருக்கும் மரப்பலகையில் வைக்க வேண்டும். திரும்புவதற்குள் அடுத்த ஆறு வந்துவிடும். நாளெல்லாம் சோப்புத்தூளில் புழங்கியதில் அந்தப் பெண்களுக்கு விரல் நுனி தேய்ந்து போயிருந்தது. வாசலில் புதிதாக வைத்த கைரேகை மெஷின் அவர்கள் யாரையும் அடையாளம் காணவில்லை. ஆகவே ஆண்கள் விரலை வைத்துவிட்டுப் போக, பெண்கள் மட்டும் வரிசையில் நின்று காவலாளியிடம் கையெழுத்துப் போட்டார்கள்.

தம்பிக்கு வேலை கிடைக்காமல் அலைந்தபோது மேனேஜர் அறை வாசலில் ஒற்றைக்காலில் நின்று அவனை லோடிங்கில் சேர்த்துவிட்டவள் அவள்தான். முதல் மாதம் அவன் சம்பளச் சீட்டைப் பெருமையாகக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தான். அவள் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பதினான்கு வருஷம் உழைத்த அவளைவிட நேற்று வந்த பையனுக்கு அதிகம். டைப் அடித்தவன் தப்பாக அடித்திருக்கிறான் என்று நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய்க் கேட்டாள். அவர் தொழிற்சாலையை எப்போதும் 'நம்ம குடும்பம்' என்றே சொல்லும் மனிதர்.

"அது கனமான வேலைம்மா. உங்களுது லைட் வேலை" என்றார்.

"அதே பெட்டிதான சார். நான் தூக்கிப் பலகையில வெக்கிறேன், அவன் தள்ளுவண்டியில தள்ளிட்டுப் போய் லாரில ஏத்துறான். எங்கிட்ட இருக்கும்போது லைட்டா இருக்கறது அவன்கிட்ட போனதும் எப்படி கனமாச்சு?"

மேனேஜர் சிரித்தார். சிரித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறையாவது அவள் இதே கேள்வியோடு அந்த அறைக்குப் போனாள். வருஷத்துக்கு ஒருமுறை அவரும் சிரித்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்த கதையில்தான் அளக்கிற பெண் வந்து சேர்ந்தாள். கம்பெனிக்கு எட்டு நாட்டில் தொழிற்சாலை. எந்த நாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று தலைமை அலுவலகம் கணக்கெடுத்துப் பட்டியல் போட்டிருந்தது. அதில் இந்தத் தொழிற்சாலைக்குக் கடைசி இடம். காரணம் என்னவென்று பார்த்து வர, இந்த ஊர்ப் பேச்சு தெரிந்த ஒரு இளம்பெண்ணை அனுப்பியிருந்தார்கள். தராசும் கடிகாரமும் மடிக்கணினியுமாக அவள் வந்து இறங்கிய அன்றே அவளுக்குத் 'தராசு' என்று பெயர் வைத்தாயிற்று.

"எதுக்கு எடை போடறாங்க? மொத்தமா நம்மள வித்துடப் போறாங்களா?" என்றாள் சுருட்டை. வக்கீலக்காவுக்குப் பக்கத்து இடத்தில் பல வருஷமாக நின்று வேலை செய்பவள். முடியை வைத்து வந்த பெயர். புருஷன் முதுகு ஒடிந்து படுத்திருக்க, இவள் சம்பளத்தில்தான் ஐந்து வயிறு.

தராசு கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினாள். ஆண்கள் எல்லோருடைய சம்பளத்துக்கும் ஒரு சராசரி, பெண்கள் எல்லோருடையதற்கும் ஒரு சராசரி. ஆணுக்கு நூறு என்றால் இங்கே பெண்ணுக்கு எழுபத்தொன்று. மற்ற நாடுகளில் எண்பத்தைந்து, தொண்ணூறு என்றெல்லாம் இருக்கிறது. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு தூக்குகிறீர்கள் என்று மறைக்காமல் சொன்னால்தான் இதை மாற்ற முடியும் என்றாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனில் பேசுவதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தராசு வெறுங்கையோடு எழுந்து போனதும் சுருட்டைதான் மெல்ல ஆரம்பித்தாள். "அக்கா, நாம எதையாவது சொல்லப் போய் இருக்கறதும் போயிட்டா?"

"போகாது."

"அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்ற?"

"நான் பொறுப்பு. போதுமா?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சுருட்டை பேசினாள். சுருட்டையைப் பார்த்து மற்றவர்களும் பேசினார்கள். தோள்பட்டை வலி, நீர்க்கடுப்பு, கழிப்பறைக்குப் போகவும் கேட்டு நிற்க வேண்டியிருப்பது என்று எல்லாவற்றையும் கொட்டினார்கள். தராசு எழுதிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் சாப்பிடும்போது தம்பி தட்டைப் பார்த்தபடியே பேச்செடுத்தான். "அக்கா, லோடிங்ல ஒரு மாதிரி பேசிக்கறாங்க. உங்களுக்கு ஏத்தினா எங்களுக்குக் குறைச்சிடுவாங்களாம்."

"எவன் சொன்னான்?"

"மேனேஜர்தான். டீ குடிக்கறப்ப தானா வந்து சொன்னாரு."

"உன்ன லோடிங்ல சேத்துவிட்டது யாரு?"

"நீதான்."

"அப்ப பேசாம சாப்பிடு."

அவன் பேசாமல் சாப்பிட்டான். கெட்ட பையன் இல்லை. அக்காவுக்கு அதிகம் கிடைத்தால் சந்தோஷப்படக்கூடியவன்தான். தனக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் இந்த ரகம்தான், அவனை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

தராசு பெட்டிகளை நிறுத்துப் பார்த்தாள், எண்ணிப் பார்த்தாள். ஒரு ஷிப்டில் லோடிங் ஆண்களைவிடப் பேக்கிங் பெண்கள்தான் அதிக எடை தூக்குகிறார்கள் என்று வந்தது. ஆண்களிடம் தள்ளுவண்டி இருந்தது. இரண்டும் ஒரே மதிப்புள்ள வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். தலைமை அலுவலகம் ஒரு வருஷம் கெடு வைத்தது, அதற்குள் வித்தியாசத்தைக் குறைத்தாக வேண்டும் என்று. செய்தி வந்த அன்று பேக்கிங் பிரிவில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. சுருட்டை வராத சம்பளத்தை நம்பி மூத்த மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்தாள். வக்கீலக்காவும் ஆளாளுக்கு எவ்வளவு கூடும் என்று மனக்கணக்குப் போட்டுப் போட்டு, தப்பாக மட்டும் போட்டுவிடக்கூடாதே என்று மறுபடி போட்டாள். இத்தனை வருஷம் கேட்டும் வாங்க முடியாததை இந்த ஒரு முறை வாங்கிவிட்டோம் என்று உண்மையாகவே நம்பினாள்.

கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது மேனேஜர் பேக்கிங் பெண்களை மட்டும் கூப்பிட்டார். பக்கத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஒப்பந்தக்காரர்.

"யாருக்கும் வேலை போகல. பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தார் மேனேஜர். "இதே இடம், இதே பெல்ட்டு. பேக்கிங்க இனிமே இவர் பாத்துக்கப் போறாரு, அவ்வளவுதான். நீங்க இவர் ஆளுங்க."

"சம்பளம்?" என்றாள் வக்கீலக்கா.

"அது இவர் விதிப்படி."

இவர் விதிப்படி என்பது இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. போனஸ் கிடையாது, நோய் என்று படுத்தால் அன்றைய கூலி கிடையாது. பிடிக்காதவர்கள் கையெழுத்துப் போட வேண்டாம், வாசல் திறந்துதான் இருக்கிறது.

வக்கீலக்கா சும்மா இருப்பாளா? லீவு போட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்தாள். அங்கிருந்த அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், காகிதமெல்லாம் முறையாக இருப்பதாகச் சொன்னார். சங்கத்துக்குப் போனாள். சங்கத்தில் இருந்ததெல்லாம் லோடிங் ஆட்கள்தான். "நீங்க இப்ப நம்ம கம்பெனி இல்லையேக்கா, நாங்க எப்படிப் பேசறது?" என்று ரொம்ப வருத்தத்தோடு கேட்டார்கள். தராசுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள், அவளும் போட்டாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அது அவளுக்கு வரும். பேச்சை நிறுத்திவிட்டார்கள். கேன்டீனில் அவள் உட்கார்ந்தால் பெஞ்சில் இடம் தானாக விரியும். சுருட்டை முழங்கை இடிக்கும் தூரத்தில் நின்று எட்டு மணி நேரம் பெட்டி ஒட்டினாள், ஒரு வார்த்தை கிடையாது. மகளை நர்ஸ் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டாள் என்பது மூன்றாம் பேர் சொல்லித்தான் வக்கீலக்காவுக்குத் தெரிந்தது. அன்று அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் பொறுப்பு என்று சொன்ன வாயை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கெடு முடிந்தது. வாசலில் ஒரு பெரிய பதாகை கட்டினார்கள். எட்டு நாட்டுப் பட்டியலில் இந்தத் தொழிற்சாலைக்கு முதலிடம். ஆணுக்கு நூறு என்றால் பெண்ணுக்கு நூற்று நான்கு.

தம்பி அதை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "எப்படிக்கா?" என்று கேட்டான்.

"எங்கள வெளிய தள்ளியாச்சு. இப்ப கம்பெனி ஏட்டுல பொம்பளைங்கன்னா யாரு? ஆய்வுக்கூடத்து மேடம், அக்கவுன்ட்ஸ் மேடம், மேனேஜருக்கு லெட்டர் அடிக்கிற பொண்ணு, ஆள் எடுக்கிற மேடம். நாலே பேர். நாலும் பெரிய சம்பளம். ஆம்பளைங்க பக்கம் உங்க லோடிங் மொத்தமும் இருக்கு. சராசரி போட்டா அவங்க உங்கள விட மேலதான வருவாங்க."

"அப்ப அந்தக் கணக்கு பொய்யா?"

"பொய் இல்லடா. சரியாத்தான் போட்டிருக்காங்க."

அந்த மாதத்திலிருந்து அவன் தன் சம்பளத்தில் கொஞ்சத்தை எடுத்து அக்கா தலையணைக்கு அடியில் வைக்கத் தொடங்கினான். முதல் தடவை அவள் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த மாதம் வாடகை கூடியது. வைத்ததை எடுத்துக்கொண்டாள், அதைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியிடம் கை நீட்டிப் பிழைக்கும் நாள் வரும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

எட்டு மாதம் போனது. தலைமை அலுவலகம் இந்த முறை ஒப்பந்தக்காரர்களையும் அளக்கத் தீர்மானித்தது. மறுபடியும் தராசே வந்தாள். இந்த முறை எடை போடும் தராசு இல்லை, கடிகாரம் இல்லை. கையில் மடிக்கணினி மட்டும். பெல்ட்டை நிறுத்தி, பெண்களை வரிசையாக வரச் சொன்னார்கள். முதல் ஆளாக வக்கீலக்கா போய் நின்றாள்.

தராசால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எனக்கு எல்லாம் தெரியும்க்கா. அன்னிக்கு போன் பண்ணது நீங்கதான்னும் தெரியும். எடுத்து என்ன சொல்றதுன்னு தெரியல."

"சரி விடு. கேள்வியக் கேளு."

"உங்க நிறுவனத்துல இதே வேலை பாக்கற ஆண்கள விட உங்களுக்குச் சம்பளம் குறைவா?"

"எது எங்க நிறுவனம்? இதுவா?"

"இல்லக்கா. ஒப்பந்தக்காரர் நிறுவனம்."

"அங்க ஆம்பளைக்கு எங்க போறது? அந்தாளு ஒருத்தர்தான்."

"அவர் முதலாளி. கணக்குல வரமாட்டாரு."

"அப்ப என்ன போடுவ?"

"வித்தியாசம் இல்லன்னுதான் போடணும்." அவள் குரல் இறங்கியது. "மத்ததச் சொன்னீங்கன்னா எழுதறேன்க்கா. ஆனா எழுதறதுக்கு இதுல இடம் இல்ல."

வக்கீலக்கா யோசித்தாள். கேள்வியில் ஓட்டை இருக்கிறதா என்று முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாள். கேட்டது சரியான கேள்வி. பதிலும் சரியான பதில். யாரோடு, எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

"இல்லன்னு போடு" என்றாள்.

அவளுக்கு அடுத்தவள் சுருட்டை. நாற்காலியில் உட்கார்ந்தவள் தராசு கேட்ட கேள்வி முடிந்ததும் திரும்பினாள். இத்தனை மாதத்தில் முதல் முறையாக வக்கீலக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இதுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"இல்லன்னு சொல்லு."

சுருட்டை தலையாட்டிவிட்டுத் திரும்பி, இல்லை என்றாள். பெல்ட் மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் மீதிப் பேரும் அதையே சொல்லி முடித்திருந்தார்கள்.