பாலத்துக்கு அடியில் ஒன்றரை நிமிடம்

என் மச்சான் குடியிருக்கும் ஊரில் படகு நிறுத்த இடமில்லை என்று என் மனைவியிடம் சொன்னேன். அது பொய். அந்த ஆற்றங்கரையில் அதைவிட நல்ல இடம் கிடையாது. தண்ணீர்க் குழாய், கரண்ட், குளியலறை, துணி துவைக்கும் மெஷின், பத்தடி நடந்தால் கடை, எல்லாம் உண்டு. எனக்கு அப்போது அறுபத்தேழு வயது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அந்த வயது இடம் தராது.

எங்கள் மகள் அயர்லாந்தில் வேலை செய்கிறாள். அந்தக் கோடைக்கு எங்களை வரச் சொல்லியிருந்தாள். அங்கே ஷானன் என்று ஒரு ஆறு. கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது. இதை எங்கள் உத்திரமேரூரில் யாரும் நம்பவில்லை. எங்களுக்கு ஆறு என்றால் செய்யாறு, பாலாறு. இரண்டிலும் சித்திரை மாதத்தில் லாரி போகும். அந்த ஆற்றில் ஒரு வாரத்துக்கு வாடகைப் படகு எடுத்து, மாப்பிள்ளையே ஓட்ட, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, சாயங்காலமானால் ஏதாவது ஒரு படகுத்துறையில் கட்டிவிட்டு ஊர் பார்ப்பது என்று திட்டம். அந்தத் துறைகளை அங்கே மெரினா என்கிறார்கள்.

"மெரினான்னா சுண்டல் விப்பாங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

"அப்பா, எங்கெங்க நிக்கணும், எத்தன மணிக்கு எடுக்கணும், எல்லாம் நீங்கதான் போட்டுத் தரணும்" என்று மகள் போனில் சொன்னாள். "பஸ்ஸுக்குப் போட்ட கைதானே."

நான் வரலாற்றில் எம்.ஏ. படித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று எழுதி, நேரமானதும் விசில் ஊதி அனுப்புவது என் வேலை. ஓய்வுக்குப் பிறகு அனுப்ப எதுவுமில்லாமல் இருந்தேன். வாசலில் பால்காரர் வருவதை மட்டும் கவனித்துவந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இப்போது கையில் ஒரு முழு ஆறு கிடைத்தது. கிராஃப் தாள் வாங்கினேன். ஆற்றில் நடுநடுவே கதவு போட்டு, படகை உள்ளே விட்டு, தண்ணீரை இறக்கி மறுபக்கம் அனுப்புகிறார்கள். அந்தக் கதவுகள் எத்தனை மணிக்குத் திறக்கும், கதவுக்காரர் எப்போது சாப்பிடப் போவார் என்பதெல்லாம் குறித்துக்கொண்டேன். படகின் கக்கூஸ் தொட்டியை எந்தத் துறையில் காலி செய்யலாம் என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் போட்டேன். அந்தத் தொட்டி எங்கள் படுக்கைக்குக் கீழேயே கூட வரும் என்று தெரிந்ததும் என் மனைவி இரண்டு நாள் பயணத்தைப் பற்றியே பேசவில்லை.

மூன்றாம் நாள் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "தம்பி ஊரு அந்த ஆத்தோரந்தானே கீது. அங்க ஒரு நாள் நில்லுங்க."

அவளுடைய தம்பிக்கும் எனக்கும் பதினோரு வருடமாகப் பேச்சில்லை. அதற்குக் காரணமும் நான்தான். கடைசியாக அவர் ஊருக்கு வந்து திரும்பியபோது, காரில் போக மாட்டேன், மாமா இருக்கும் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ்ஸில்தான் ஏர்போர்ட் போவேன் என்று பிடிவாதமாக வந்தார். பெட்டியை ஏற்றி, சீட்டில் துண்டு போட்டுவிட்டு, சோடா குடிக்க இறங்கினார். நேரமாகிவிட்டது. அவர் கடையில் நிற்பது எனக்குத் தெரிந்தது. நாலு கண்டக்டர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சானுக்காக வண்டியை நிறுத்தினான் என்று பேர் வரக் கூடாது. ஊதிவிட்டேன். அவருடைய பெட்டியும் பாஸ்போர்ட்டும் வண்டியோடு போய்விட்டன. ஆட்டோ பிடித்துத் துரத்தி, செங்கல்பட்டில்தான் அந்த பஸ்ஸைப் பிடித்தார். ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்தார். "மாமா, வாயில விசில் இருந்தா உங்களுக்கு மனுஷன் கண்ணுக்குத் தெரிய மாட்டானா?" பக்கத்தில் கண்டக்டர்கள் இருந்தார்கள். போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் மனைவி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு போனில் பேசுவாள். ஆனால் என்னை விட்டுவிட்டு அவர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். புருஷனைக் கூப்பிடாத வீட்டுக்குப் பொண்டாட்டி மட்டும் போனால் அவள் பிறந்த ஊரான திருப்புலிவனத்தில் சிரிப்பார்களாம். தம்பிக்கு நெஞ்சில் ஏதோ வைத்திருப்பதால் இனி நீண்ட விமானப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இருவரும் பார்க்க ஒரு வழியும் இல்லாமல் இருந்தது. படகு வந்து அதைத் தீர்த்துவைத்தது.

"போட்டு நம்ப வூடும் இல்ல, அவன் வூடும் இல்ல" என்றாள். "கரையில வந்து நிக்கட்டும். நான் போய்ப் பாக்கறேன். யாருக்கும் கவுரவம் கெடாது."

எனக்கு என்ன தோன்றியது என்றால், அவர் கரையில் நிற்பார், நான் படகில் நிற்பேன், என்னை மேலும் கீழும் பார்ப்பார். அவ்வளவுதான். அதற்காக, "அங்க தண்ணி ஆழம் பத்தாது, போட்டு நிக்காது" என்றேன். அந்த ஊர் ஏன் இல்லை என்று மகள் கேட்டபோது, "அம்மாவுக்கு அங்க நிக்க இஷ்டமில்ல" என்றேன். ஒரு பொய்யை நம்பி வண்டி ஓட்ட முடியாது, ஸ்டெப்னி ஒன்று வேண்டும்.

பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாயிடம் வரைபடத்தைப் பெரிதாகக் கலரில் எடுக்கக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இன்னா சார், எல்லா ஊர்லயும் ரவுண்டு போட்டுக்கிறீங்க, இங்க மட்டும் போடல. இம்மாம் பெரிய நங்கூரம் வரைஞ்சி வெச்சிக்கிறான்."

"அங்க ஆழம் பத்தாது பாய்."

"அது இன்னா நம்ப செய்யாறா சார், ஆழம் பத்தாம போறதுக்கு?"

பேச்சை மாற்றிவிட்டு வந்தேன்.

என் மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. யோசித்தாள். ஒரு வாரம் கழித்து, "நிக்காதுன்னா போவுது. அந்த ஊர் வழியாப் போவும் இல்ல?" என்றாள். போகும் என்றேன். "பாலம் கீதா?" இருக்கிறது என்றேன்.

திருப்புலிவனத்தில் அவள் சின்னவளாக இருந்த காலத்திலிருந்தே, ஓடுகிற பஸ்ஸில் சாமான் ஏற்றுவது சாதாரணம். டிரைவர் வேகத்தைக் குறைப்பார், ஜன்னல் வழியாகப் பூக்கூடையோ சாப்பாட்டு கேரியரோ உள்ளே போகும். அந்த முறையை அவள் ஆற்றுக்குப் பொருத்திவிட்டாள். தம்பி பாலத்தின் மேல் நின்று கயிற்றில் ஒரு பையை இறக்க வேண்டும். படகு அடியில் போகும்போது இவள் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை அதில் போட வேண்டும். தம்பியிடம் போனில் சொல்லி அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். பாலம் எத்தனை அடி உயரம், படகு எத்தனை மணிக்கு அங்கே வரும், தம்பி முகம் எவ்வளவு நேரம் தெரியும் என்று என்னைக் கணக்குப் போடச் சொன்னாள். போட்டேன். ஒன்றரை நிமிடம் என்று வந்தது.

"பரவால்ல, நல்லாப் பாத்துக்கலாம்" என்றாள்.

ஒத்திகை மறுநாள் காலை பத்தரை மணிக்கு. நான் மொட்டை மாடியில், கையில் கயிறு, முனையில் மஞ்சப்பை. அவள் கீழே வாசலில், கையில் பாட்டில். படகு போகும் வேகத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பாள், நடையை நிறுத்தக் கூடாது, பையைத் தாண்டுவதற்குள் பாட்டிலைப் போட்டுவிட வேண்டும். முதல் தடவை பை அவள் தலையில் உட்கார்ந்தது. இரண்டாம் தடவை தாண்டிப் போய்விட்டாள்.

"ஆட்டாம புடிங்க. நீங்களே இப்படிப் புடிச்சா அவன் இன்னா பண்ணுவான்?" என்றாள். மூன்றாவது முறைக்காகத் தொடக்கத்துக்குத் திரும்பி நடந்துகொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல், "அவனுக்கு இப்ப கை வேற நடுங்குதாம். பெரிய பையா எடுத்தாரச் சொல்லணும்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் அந்த ஒத்திகையைத் தொடர முடியவில்லை.

"அங்க போட்டு நிக்கும்" என்றேன் மேலிருந்து.

"இன்னா?"

"நிக்கும். பெரிய மெரினா. நான்தான் பிளான்லேர்ந்து எடுத்துட்டேன்."

அவள் வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்து என்னை அண்ணாந்து பார்த்தாள். "ஆழம் பத்தாதுன்னது?"

"பொய்."

"பாப்பா கிட்ட?"

"உனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டேன்."

பாட்டிலைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள். உள்ளே போனாள். மாடிப்படிக் கதவுக்குத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து பாய் வரைபடச் சுருளோடு வாசலில் வந்து நின்றார். "சார், மேல இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"காத்து வாங்கறேன் பாய்."

"இந்த வெயில்லயா?"

சமையலறை ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "அவருக்கு அங்கதான் ஸ்டாப்பிங், பாய். எப்ப எடுப்பாங்கன்னு தெரியாது."

மாடியிலிருந்து தொங்கிய மஞ்சப்பைக்குள் பாய் சுருளைப் போட்டுவிட்டு, "இழுங்க சார்" என்று சொல்லிப் போய்விட்டார். இழுத்தேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் விரித்தேன். நான் ஆசைப்பட்டு வைத்திருந்த பழைய மடாலயத்தையும், ஒரு ஏரியையும் அடித்துவிட்டு, மச்சான் ஊரில் இரண்டு இரவு போட்டேன். மகளுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அவள், "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. பிறகு பதினோரு வருடத்தில் முதல் தடவையாக மச்சானுக்குப் போன் செய்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"மச்சான், நான் பேசறேன்."

"அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லாக் கீறா. நான்தான் மாடியில கீறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். "அப்ப கயிறு வேணாமா? நேத்துதான் வாங்கினேன்" என்றார். பிறகு, "அக்கா வரட்டும் மாமா. உங்களப் பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்லல" என்று வைத்துவிட்டார்.

ஒரு மணிக்குத் தாழ்ப்பாள் திறந்தது. சாப்பாடு வைத்திருந்தாள்.

ஜூலையில் போனோம். மச்சான் ஊர்த் துறையில் நான் போட்ட நேரத்துக்குப் படகு சேர்ந்தது. அவர் கரையில் ஒரு தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். மாப்பிள்ளை கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் என் மனைவி, புடவைக்கு மேல் மாட்டிய லைஃப் ஜாக்கெட்டோடு, மரப்பலகைமேல் குதித்துவிட்டாள். தம்பியின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "இன்னாடா இப்படி ஆயிட்ட" என்றாள். அவர் சிரித்தார். நானும் இறங்க ஒரு காலை வெளியே வைத்தேன்.

"நான் தம்பி வூட்டுக்குப் போறேன்" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "நீங்க போட்டப் பாத்துக்குங்க."

காலை உள்ளே எடுத்துக்கொண்டேன். பதினோரு வருடம் எனக்காகக் காப்பாற்றிய வழக்கத்தை அவள் காரில் ஏறுவதற்குள் முடித்துவிட்டாள். என்னால் குறை சொல்ல முடியவில்லை.

இரண்டு இரவு ஆனது. மூன்றாம் நாள் காலை, அம்மாவைக் கூட்டிவரப் போன மகள் மட்டும் திரும்பி வந்தாள். "அம்மா இந்த வாரம் முழுக்க அங்கயே இருக்காங்களாம். கடைசி மெரினாவுக்கு மாமா கார்ல கொண்டுவந்து விடுவாராம்" என்றாள். மனைவிக்காக நான் குறித்து வைத்திருந்த பூந்தோட்டம், துணிக்கடை உள்ள துறை, எல்லாவற்றிலும் ஒழுங்காக நின்றோம். நான் இறங்கி ஏறினேன். கக்கூஸ் தொட்டி காலி செய்கிற இடங்களில் குழாயைப் பிடித்தது நான்தான். கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

கடைசி நாள் மச்சான் அவளைக் கூட்டிவந்து விட்டார். அவள் முகம் தெளிந்திருந்தது. காரின் பக்கத்தில் நின்ற அவரிடம் போய், மன்னிப்புக் கேட்டேன். மூன்று நாளாகத் தயார் செய்திருந்த வாக்கியம், பாதியில் நின்றுவிட்டது.

"பஸ்ஸ விட்டத நான் எப்பவோ மறந்துட்டேன் மாமா" என்றார் அவர். "எங்க அக்காவப் பாலத்துக்கு அடியிலயே அனுப்பிவிடப் பாத்தீங்களே. அத மறக்கக் கொஞ்சம் நாளாகும்."

சரி என்றேன். அவர் காரை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி தம்பியோடு பேசி முடித்ததும் போனை என்னிடம் நீட்டுகிறாள். "சாப்டாச்சா மச்சான்?" என்கிறேன். "ஆச்சு" என்கிறார். இரண்டு பேரும் இன்னும் அதைத் தாண்டவில்லை. போனை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.