மொட்டைமாடியில் நனைந்த சாக்கு

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போனால், நான் கட்டிய வீடு ஒன்றாவது கண்ணில் படாமல் எந்த ஊரையும் தாண்ட முடியாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சித்தாளாகக் கலவை சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, பிறகு இன்ஜினியர்களையே வேலைக்கு வைத்துக்கொண்டேன். பண்ருட்டி முந்திரி வியாபாரிகள் என் வாசலில் நின்று தேதி வாங்கிப் போவார்கள். என் சுவரில் ஒரு விரிசல் காட்டுங்கள், மீசையை எடுத்துக்கொள்கிறேன். இப்பேர்ப்பட்டவன் தனக்கென்று கட்டிய வீட்டைத்தான், தீப்பெட்டி அளவு கருவிகளை ஒட்டி ஒரு சின்னப் பெண் அளந்துவிட்டுப் போனாள்.

எல்லாம் என் மகளால் வந்தது. அவளைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். இரண்டாவது குழந்தை வைகாசியில் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு நானும் என் மனைவியும் மாடியில் இருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்தவள், குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு பொரிந்ததும் பதினைந்தாம் நாளே மாமியார் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். இந்தத் தடவை போனிலேயே முடித்துவிட்டாள்.

"அந்த ரூமுல ஏசி போட்டாலும் மேலேர்ந்து அனல் எறங்குதுப்பா. நான் வரல. இங்கியே இருந்துக்கறேன்."

"ஊருக்கெல்லாம் வூடு கட்டனவன் பொண்ணுக்குப் பெத்த வூட்டுல எடமில்லன்னு பேசுவாங்கடி!"

"பேசறவுங்க ஒரு மத்தியானம் வந்து படுத்துப் பாக்கட்டும்."

மருமகன் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறார். அவர் போனை வாங்கினார். "மாமா, எங்க காலேஜ்ல வீட்டுக்கு வீடு சூட்டையும் கரண்டையும் அளக்கறாங்க. சூடு எங்கேர்ந்து வருதுன்னு சொல்லிடுவாங்க. வரச் சொல்லட்டுமா?"

"கட்டனவனுக்குத் தெரியாததா மாப்ள?"

"தெரிஞ்சா சரி பண்ணியிருப்பீங்களே மாமா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மகள் வரவேண்டுமே. சரி என்றேன்.

வந்த பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு. கூடத்தில் ஒரு கருவி, படுக்கையறையில் ஒன்று, வெளியே படிக்கட்டு நிழலில் ஒன்று. ஏசிக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்று பார்க்கத் தனியாக ஒரு மீட்டர். பிறகு சூட்டைப் படம் பிடிக்கும் ஒரு கேமராவைச் சுவரை நோக்கிக் காட்டினாள்.

"சுவரு பரவால்ல சார்."

"பரவால்லயா? ஒம்போது இஞ்ச்சும்மா! ஒவ்வொரு செங்கல் வரியும் நான் நின்னு கட்டனது."

மொட்டைமாடிக்கு ஏறியதும் அவள் நின்றுவிட்டாள். வெறும் கான்கிரீட். அதில் பன்னிரண்டு தூணுக்கும் கம்பி தலைநீட்டித் துருப்பிடித்து நின்றது.

"மேல ஜல்லித் தளமும் ஓடும் போடலியா சார்?"

"இன்னொரு மாடி வருதும்மா. இப்ப போட்டா அப்புறம் ஒடைக்கணும்."

"வீடு கட்டி எவ்ளோ வருஷமாச்சு?"

"பதினாலு."

அவள் அதை எழுதி அடிக்கோடு போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதுதான். எங்கள் பக்கத்தில் கம்பி நீட்டி நிற்காத வீட்டைப் பார்த்தால், இவனுக்கு இவ்வளவுதான் வசதி என்பார்கள். அந்த மாடி என் மகனுக்கு. அவன் துபாயில் இருக்கிறான், அங்கேயே பிளாட்டும் வாங்கிவிட்டான். ஆனாலும் கம்பி நிற்கிறதே!

ஏழு நாள் எப்போதும்போல இருங்கள், எதையும் மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் சாயங்காலம் கூடத்துக் கருவியைக் குனிந்து பார்த்தேன். முப்பத்தாறு டிகிரி. இதை ஏதோ காகிதத்தில் போட்டு, என் பெயரை எழுதி, கல்லூரியில் பத்துப் பேர் பார்ப்பார்கள். என் மகளும் பார்ப்பாள். அப்புறம் எங்கே வருவாள்?

புதிதாக வார்த்த தூணில் ஈரம் காயாமல் இருக்கச் சுற்றிக்கட்டும் சணல் சாக்குகள் என் கொட்டகையில் குவிந்து கிடந்தன. நாலாம் நாள் காலையில் எல்லாவற்றையும் மேலே ஏற்றி, மொட்டைமாடி முழுக்க விரித்து, ஓஸ் பைப்பைப் பிடித்தேன். காலையில் ஒரு தரம், உச்சியில் ஒரு தரம், மூன்று மணிக்கு ஒரு தரம். இந்த வயதில், பங்குனி வெயிலில்.

மனைவி படியில் நின்று பார்த்தாள். "என்னாங்க, பதினாலு வருஷம் கழிச்சி கான்கிரீட்டுக்குத் தண்ணி காட்றீங்களா?"

"நீ கம்முனு போ."

எட்டாம் நாள் விடியற்காலையிலேயே சாக்குகளைச் சுருட்டி மறைத்தேன். அந்தப் பெண் மருமகனோடு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் இரண்டு கோடுகள் ஓடின. அவள் முகம் சுருங்கியது.

"வெளிய ஏழு நாளும் ஒரே வெயில் சார். உள்ள மட்டும் நாலாம் நாள்லேர்ந்து நாலு டிகிரி கொறைஞ்சிருக்கு. ஏசி யூனிட்டும் கிட்டத்தட்ட பாதிதான். கருவி ரிப்பேர் போல. மறுபடி ஏழு நாள் வைக்கணும்."

மறுபடியுமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி காபியோடு வந்தாள். "கருவிக்கு ஒண்ணுமில்லம்மா. இவுரு மேல ஈரச் சாக்கு விரிச்சாரு."

மருமகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"ரொம்ப நல்லதாப் போச்சு சார். சூடு ரூஃப்லேர்ந்துதான் வருதுன்னு நான் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டீங்க. நீங்களே மூடிக் காட்டிட்டீங்க."

இரண்டு நாள் மொட்டைமாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். வெயில் கீழே இறங்காமலிருக்கச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, மேலே ஓடு பதிக்காமல் எவனுக்காவது சாவி கொடுத்திருக்கிறேனா? மேல்பட்டாம்பாக்கத்தில் ஒற்றை அறை வீடு கட்டினவனுக்குக்கூடப் போட்டுக் கொடுத்தேன். என் வீட்டுக்கு மட்டும் போடவில்லை.

மூன்றாம் நாள் ஆட்களை வரச்சொன்னேன். ஜல்லித் தளம், அதன்மேல் வெள்ளை ஓடு. குறுக்கே நின்ற கம்பிகளை அறுக்க மிஷின் போட்டபோது, மேற்பார்வை பார்க்காமல் டீக்கடைக்குப் போய்விட்டேன். என் தொழிலில் அப்படிப் போனது அன்று ஒரு நாள்தான்.

வேலை முடிந்து ஓடும் காய்ந்ததும் மகளுக்குப் போன் போட்டேன். "ரூமு ஜில்லுனு இருக்கு. கெளம்பி வா."

"சாக்கு போட்டுட்டுப் பேசறியாப்பா?"

"என் வார்த்தைய நம்பி ஊரே வூடு கட்டுதுடி!"

"அந்தப் பொண்ணு வந்து அளந்து எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் வரேன்."

நானே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, கருவியை எடுத்துக்கொண்டு வரும்படி கூப்பிட வேண்டியதாயிற்று. ஏழு நாள் அந்தக் கருவிகள் பக்கமே நான் போகவில்லை. ஓஸ் பைப்பை மனைவி பூட்டி வைத்திருந்தாள். சூடு குறைந்திருக்கிறது என்று அவள் எழுதிய காகிதம் வந்ததும் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை மகள் பெட்டியோடும் மூத்த குழந்தையோடும் வந்து இறங்கினாள். நேராக அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, ஃபேன் மட்டும் போதும் போலிருக்கே" என்றாள். கட்டினவனைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை.