மதினியின் முகத்துக்கு வாடகை

“மதினி படம் திறக்கவில்லை.” ஆடிப்பூரத் தேருக்கு மறுநாள் என் நாட்குறிப்பில் இந்த ஒரு வரிதான் இருக்கிறது.

மதினி, ராஜபாளையத்தில் இருக்கும் என் அண்ணனின் மனைவி. அந்த ஆவணியோடு அவர் இறந்து ஒரு வருஷம். தலைத்திவசத்துக்குள் அவர் முகத்தை வரைந்து மாட்டிவிட வேண்டும் என்று அண்ணன் கேட்டிருந்தார். கல்யாண ஆல்பத்தில் இருப்பது சின்னப் பெண். அண்ணனுக்கு வேண்டியது கடைசி வருஷத்து முகம். கணினியில் வரையத் தெரிந்த என் மகள், கிருஷ்ணன்கோவிலில் படித்தபோது கல்லூரி வழியாகக் கிடைத்த மென்பொருளில் படத்தைப் பாதிவரை கொண்டுவந்திருந்தாள். படிப்பு முடிந்ததும் அந்த உரிமமும் முடிந்தது. கோப்பு கண்முன் இருந்தது, திறக்கத்தான் முடியவில்லை.

சந்தா கட்டிவிடலாம் என்றேன். அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஒரு மாசம் கட்டுவ. பொறவு?”

“பொறவு திருத்தணும்னா மறுபடி கட்டணும் பெரியப்பா” என்றாள் மகள்.

“அப்ப வேண்டாம். மாசாமாசம் வாடகை குடுத்தாத்தான் அவ மொகம் தெறக்கும்னா, அது என் வீட்டுக்கு வேண்டாம்.”

அதன்பின் இலவச மென்பொருள்களைத் தேடினோம். முதலில் இறக்கியதில் கோடுகள் சுத்தமாக விழுந்தன, ஆனால் அது எழுத்தும் சின்னமும் வரைவதற்கானது. கன்னத்தின் நிழல் அதில் வரவில்லை. அடுத்தது புகைப்படம் திருத்த நல்லது, வரையச் சுகமில்லை. மூன்றாவதில், எங்கள் பழைய லேப்டாப்பில், கணினியில் வரையும் பேனாவுக்குப் பின்னால் செத்த நேரம் கழித்துத்தான் கோடு நகர்ந்தது. படத்தின் அளவைக் குறைத்ததும் பேனாவோடு சேர்ந்து ஓடியது. கன்னத்தின் நிழலும் தோலின் நிறமும் இயல்பாகப் படிந்தன. அதையே வைத்துக்கொண்டோம்.

அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. “ஏட்டி, ஓசியில குடுக்கவன் நாளைக்கு வந்து கேக்க மாட்டானா?”

“மாட்டாக பெரியப்பா. ஊர் ஊரா ஆளுக சேந்து செஞ்சு எல்லாருக்கும் விட்டது. அன்னதானம் மாதிரி.”

“அன்னதானத்துலயும் மொதப் பந்திக்குத்தான் வடை கெடைக்கும்.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். மதினி போன பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

படம் முதலிலிருந்து வரையப்பட்டது. ஆதாரம், மதினி தன் கைப்பேசியில் தானே எடுத்துக்கொண்ட ஒரே செல்ஃபி, முகம் மட்டும். குளியலறையில் விழுந்து புருவத்தில் தையல் போட்ட பிறகு எடுத்தது. அதற்குமேல் அவர் யாருக்கும் படத்துக்கு நிற்கவில்லை.

வரைகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கண்ணுக்குப் பழகிப்போன பிழையைக் கண்டுபிடிக்க, படத்தை நடுநடுவே இடவலமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். கடைசி நாள், மூக்கு சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க மகள் அப்படித் திருப்பினாள். பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்துவிட்டார்.

“நிறுத்து. இவதான்.”

“இது திருப்பிப் போட்டது பெரியப்பா. போட்டோல தழும்பு இடது புருவத்துல இருக்கு. இதுல வலதுக்குப் போயிருச்சு.”

“போகட்டும். நான் பாத்தவ இவதான்.”

மகள் என்னைப் பார்த்தாள். திருப்பியபடியே சேமித்தாள், ராஜபாளையத்தில் அச்செடுத்துச் சட்டமிட்டு, திவசத்தன்று மாட்டினோம். அண்ணன் அதன் முன் வெகுநேரம் நின்றார். கோப்பு அவர் வீட்டுக் கணினியிலும் இருக்கிறது. வேண்டும்போது அவரே திறந்து பார்க்கிறார்.

சில கைப்பேசிகள் செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிவதுபோலவே சேமிக்கும், சில திருப்பிவிடும். எது என்று எடுத்துப் பார்க்க மதினியின் கைப்பேசி இப்போது இல்லை, எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. மருத்துவச் சீட்டில் புருவத்தில் தையல் என்று மட்டும் உள்ளது, எந்தப் புருவம் என்று இல்லை. மதினியின் தங்கை இடது என்கிறார். அண்ணன் வலது என்கிறார். தழும்பு எந்தப் பக்கம் இருந்தது என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.